சுமைதாங்கிக் கல்

2003-ஆம் ஆண்டில் நான் பங்குத்தந்தையாகப் பொறுப்பேற்ற கரிசல்காட்டுப் பங்கில், கிளைக்கிராமம் ஒன்றுக்குப் போகும் வண்டிப்பாதையின் ஓரம், புளியமரத்து நிழலில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. இரண்டு கல்தூண்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு பலகைக்கல்லைக் கிடத்தியிருந்தார்கள். நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் பயன் தெரியும். விறகுக்கட்டோ தானிய மூட்டையோ தலையில் சுமந்து வருகிறவர், பிறர் கைகொடுக்க வேண்டாமல் அதன்மேல் பாரத்தை இறக்கிவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு தாமாகவே தலைக்கு ஏற்றிக்கொண்டு நடக்கலாம்.

அக்கல் அங்கே நிற்கும் காரணத்தை எனக்குச் சொன்னவர் எங்கள் உபதேசியார். "சாமி, வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன ஒருத்திக்காக அவள் வீட்டார் வைத்தது இது. பாரத்தை இறக்காமலே போய்விட்டாள் அல்லவா? வழிப்போக்கர் தம் பாரத்தை இங்கே இறக்கும்போதெல்லாம் அவள் பாரமும் குறையும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள்" என்றார். கல்லில் ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. வெயிலும் மழையும் அதைத் தேய்த்துவிட்டன. பெயரும் தெரியவில்லை, ஆண்டும் தெரியவில்லை.

"பிள்ளையைப் பெற்ற பிறகு இறந்துபோகிறவளுக்கும் கல் வைப்பார்களா?" என்று கேட்டேன். உபதேசியார் சற்று யோசித்தார். "எங்கள் பக்கத்தில் நான் கேள்விப்பட்டதில்லை, சாமி. அவள்தான் பாரத்தை இறக்கிவிட்டாளே!" என்றார்.

அந்த விடை அன்று எனக்குப் பெரிதாகப் படவில்லை. இரண்டு ஆண்டுகள் கழிந்து அது என் நெஞ்சில் தைத்தது.

2005-ஆம் ஆண்டு, ஐப்பசி அடைமழைக் காலம். எங்கள் பங்கில் பிறந்து வேறொரு பங்கில் வாழ்க்கைப்பட்ட பெண் ஒருத்தி, தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். வயது இருபத்திரண்டு. மருத்துவமனையில்தான் பிரசவம் நடந்தது, பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று மூன்றாம் நாள் அனுப்பிவைத்தார்கள். பத்தியச் சோறு, பிரசவ மருந்து, வெந்நீர்க் குளியல் என்று தாய்வீட்டில் செய்ய வேண்டிய அனைத்தும் குறைவின்றி நடந்தன.

பதினேழாம் நாள் காய்ச்சல் கண்டது. பச்சை உடம்புக்காரியை மழைக்காற்றில் வெளியே கொண்டுபோகக் கூடாது என்றார் பாட்டி. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லாமல் மருத்துவமனையில் சேர்த்தால் பிறகு பேச்சு வரும் என்று தயங்கினார் தந்தை. மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது, மறுபடியும் ஏறியது.

இருபதாம் நாள் இரவு எட்டு மணியளவில், அவளுடைய தம்பி நனைந்தபடி அறைவீட்டுக்கு ஓடி வந்தான். "அக்கா பிதற்றுகிறாள், சாமி. அவஸ்தை கொடுக்க வர வேண்டும்" என்றான். நோயில்பூசுதல் என்று நாம் இன்று சொல்லும் அருட்சாதனத்தை அவ்வூரார் பழைய பெயராலேயே அழைப்பார்கள். மழை பெய்துகொண்டிருந்ததால் பங்கின் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் உடல் அனலாய்க் கொதித்தது. மூச்சு வேகமாய் வாங்கியது. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் செபித்தேன், நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினேன், எல்லாரும் முழந்தாளிட்டு ஒரு பத்து மணி செபமாலை சொன்னோம். "விடிந்ததும் மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாசலில் ஜீப் நின்றது. அதில் ஏறி, வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு அறைவீடு திரும்பினேன்.

இதைப் பதினைந்து முறையாவது எழுதி அடித்திருப்பேன். அந்த வண்டியில் அவளைப் படுக்கவைக்க இடம் இருந்தது. அரசு மருத்துவமனை நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஒரு குரு செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்ற மனநிறைவோடு அன்று இரவு நான் உறங்கினேன்.

விடியற்காலையில் வாடகை வேன் பிடித்துப் புறப்பட்டார்கள். வழியில் இருந்த தனியார் மருத்துவமனை ஒன்றில், பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகுமாறு சொல்லிவிட்டார்கள். பெரிய மருத்துவமனை போய்ச் சேருமுன் வண்டியிலேயே உயிர் பிரிந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அடக்கத் திருப்பலியில் நான் மறையுரை ஆற்றினேன். இறைவனின் திருவுளம் நம் அறிவுக்கு எட்டாதது என்றேன். தம் தோட்டத்து மலரை அவர் பறித்துக்கொண்டார் என்றேன். பிறகு அறைவீட்டுக்கு வந்து இறந்தோர் பதிவேட்டைத் திறந்து, பெயர், வயது, பெற்றோர், கணவர், நாள் ஆகியவற்றை எழுதி, 'இறப்பின் காரணம்' என்ற கட்டத்தில் 'காய்ச்சல்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

ஏறத்தாழ மூன்று வாரங்கள் சென்றிருக்கும். எங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் மிதிவண்டியில் வந்து இறங்கினார். ஐம்பது வயதை நெருங்கியவர். நம் சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர். குழந்தைக்கு 45-ஆம் நாள் தடுப்பூசி போடும் பட்டியலுக்காக வீடு வீடாகச் சென்றபோதுதான், தாய் இறந்துபோன செய்தி தமக்குத் தெரிய வந்தது என்றார்.

"சாமி, இந்தச் சாவு எந்தக் கணக்கிலும் இல்லை" என்று அவர் சொன்னது எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் விளக்கினார். கருவுற்றதும் அவள் பெயரைப் பதிந்தது கணவன் ஊர்ச் செவிலியர். அவருடைய பதிவேட்டில் 'பிரசவத்துக்குத் தாய்வீடு சென்றார்' என்று இருக்கிறது. பிரசவம் பார்த்த மருத்துவமனையின் பதிவேட்டில் 'தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினர்' என்று இருக்கிறது. வழியில் பார்த்த தனியார் மருத்துவமனை அவளைச் சேர்க்கவே இல்லை. ஆகவே அங்கே எழுத்தே இல்லை. தாய்வீட்டு ஊரின் செவிலியராகிய இவருடைய பதிவேட்டிலோ அவள் பெயர் முதலிலிருந்தே கிடையாது. "உங்கள் கோவில் ஏட்டில்தான் அவள் இறந்திருக்கிறாள், சாமி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாமா?" என்று கேட்டார்.

ஏட்டைத் திறந்து காட்டினேன். 'காய்ச்சல்.' அவர் அதை விரலால் தொட்டு, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளை பெற்று எத்தனையாவது நாள் என்று எழுதவில்லையே?" என்றார். ஞானஸ்நான ஏட்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்கிட்டோம். குழந்தை பிறந்த நாளுக்கும் தாய் இறந்த நாளுக்கும் இடையே 21 நாட்கள். ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருந்த இரண்டு ஏடுகள் அவை. இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த 21 நாள் ஏன் முக்கியம் என்பதை அவரிடமிருந்தே கற்றேன். ஒரு பெண் கருவுற்றிருக்கும்போதோ, பிரசவத்தின்போதோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தால் உண்டான அல்லது கர்ப்பத்தால் கடுமையான காரணத்தினால் இறந்தால், அதை உலக சுகாதார நிறுவனம் தாய் மரணம் என்று வகுத்திருக்கிறது. பிள்ளை பிறந்திருந்தாலும் சரி, கரு கலைந்திருந்தாலும் சரி, வீட்டில் இறந்தாலும் சரி, வழியில் இறந்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான். கர்ப்பத்தோடு தொடர்பில்லாத விபத்து போன்றவை மட்டும் அதில் சேரா. தமிழ்நாட்டில் இத்தகைய மரணங்களைப் பதிந்து ஆராயும் முறை 1994-இல் தொடங்கியது. 2004-இல் எல்லா மரணங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. அக்கட்டாயத்தின்படிதான் அச்செவிலியர் என் வாசலில் வந்து நின்றார்.

அவர் அவள் வீட்டுக்குச் சென்று தாயோடு தரையில் அமர்ந்தார். காய்ச்சல் எந்த நாள் வந்தது, குளிர் நடுக்கம் இருந்ததா, தீட்டு நாற்றமெடுத்ததா, யார் முதலில் மருத்துவமனைக்குப் போகலாம் என்றார்கள், யார் வேண்டாம் என்றார்கள், வேன் கிடைக்க எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "யாரையும் குற்றம் சாட்ட அல்ல, அம்மா. அடுத்த வீட்டுப் பிள்ளை இப்படிப் போகக் கூடாது என்பதற்காகத்தான்" என்று பலமுறை சொன்னார். இறந்தவளை அறிந்தவர்களின் வாய்மொழியைக் கொண்டு மரணத்தின் காரணத்தை ஆராயும் முறை இது. அந்தத் தாய் அழுதாள், ஆனால் பேசினாள். மகள் இறந்த நாளிலிருந்து அவள் அவ்வளவு பேசியதை நான் கண்டதில்லை. நான் உட்பட எல்லாரும் அவளுக்கு ஆறுதல் சொன்னோமே தவிர, என்ன நடந்தது என்று ஒருவரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

பிறகு செவிலியர் என் பக்கம் திரும்பினார். "சாமி, முந்தின நாள் ராத்திரி நீங்கள் பார்த்தீர்களாமே. அப்போது எப்படி இருந்தாள்?"

நான் கண்டதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். "எதில் வந்தீர்கள்?" என்று கேட்டார். "ஜீப்பில்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை; அதையும் எழுதிக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் நடந்த ஆய்வுக் கூட்டத்துக்குப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். நானும் துணைக்குச் சென்று வெளியே காத்திருந்தேன். கருப்பையில் உண்டான நோய்த்தொற்று இரத்தத்தில் கலந்ததே பெரும்பாலும் காரணம் என்றும், உரிய காலத்தில் மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருக்கக் கூடியவள் என்றும் மருத்துவர்கள் சொன்னதாகத் தந்தை வந்து சொன்னார். அதன்பின் எங்கள் பகுதியில் ஒரு மாறுதலைக் கண்டேன். தாய்வீடு வருகிற கர்ப்பிணியின் பெயரையும் முகவரியையும் கணவன் ஊர்ச் செவிலியர் முன்னதாகவே தாய்வீட்டு ஊர்ச் செவிலியருக்குத் தெரிவித்தார். பிரசவித்தவளை வீடு தேடிச் சென்று பார்ப்பது ஒழுங்காக நடந்தது. ஒருத்தியின் மரணத்தைக் கேட்டு எழுதியதால் விளைந்தது அது.

அன்றிலிருந்து இப்பொருளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். 1994-இல் தாடியஸ், மெயின் என்ற இரு பெண் ஆய்வாளர்கள், தாய்மார் இறப்பதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று எழுதினார்கள். மருத்துவ உதவியை நாடலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம். மருத்துவமனையைச் சென்று அடைவதில் தாமதம். அடைந்த பிறகு தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். எங்கள் பெண்ணின் கதையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பாட்டியின் அச்சம், தந்தையின் தயக்கம், என் செபம் ஆகிய மூன்றும் முதல் தாமதம். அகப்படாத வேனும், வாசலில் நின்றும் பயன்படாத ஜீப்பும் இரண்டாம் தாமதம். வேறிடம் போகச் சொன்ன மருத்துவமனை மூன்றாம் தாமதம். இவற்றுள் இறைவனின் திருவுளம் என்று நான் மறையுரையில் சொன்னது எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை.

இன்னொரு வரலாறும் என்னை மிகவும் வருத்தியது. 1840-களில் வியன்னா நகரின் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பயின்றார்கள். முதற்பிரிவில் 1846-ஆம் ஆண்டில் மட்டும் 4,010 பிரசவங்களில் 459 தாய்மார் பிரசவக் காய்ச்சல் முதலியவற்றால் மாண்டார்கள். இரண்டாம் பிரிவில் 3,754 பிரசவங்களில் 105 பேர். முதற்பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் முழந்தாளிட்டுக் கெஞ்சினார்கள். அங்கே பணியாற்றிய செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் இரு பிரிவுகளின் கணக்கையும் ஒப்பிட்டு, வேறுபாடு என்ன என்று ஒவ்வொன்றாகத் தேடினார். அவர் ஐயுற்றவற்றுள் ஒன்று ஒரு குருவின் மணியோசை! சாகும் நிலையில் உள்ளவர்க்கு நற்கருணை கொண்டுவரும் குரு, மணி ஒலிக்க, முதற்பிரிவின் கூடங்கள் பலவற்றைக் கடந்தே போக வேண்டியிருந்தது. அவ்வோசை கேட்டு அச்சத்தால் பெண்கள் நோயுறுகிறார்களோ என்று நினைத்து, மணியில்லாமல் சுற்றுவழியாய் வருமாறு குருவை அவர் கேட்டுக்கொண்டார். குருவும் இசைந்தார். சாவு குறையவில்லை.

1847-இல் அவருடைய நண்பரான மருத்துவர் ஒருவர், பிரேதப் பரிசோதனையின்போது மாணவன் கைக்கத்தி பட்டு, பிரசவக் காய்ச்சல் கண்டவர்களைப் போலவே இறந்தார். உண்மை அப்போது விளங்கியது. பிரேதங்களைத் தொட்ட கைகளோடு மாணவர்கள் தாய்மாரைத் தொட்டார்கள். அக்கைகளே நஞ்சைச் சுமந்தன. குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டும் என்று விதித்தார். 1848-இல் அதே பிரிவில் 3,556 பிரசவங்களில் 45 பேரே இறந்தார்கள். அவர் சொன்னதைப் பல மருத்துவர்கள் ஏற்கவில்லை. உயிர்காக்கும் தங்கள் கைகளே சாவுக்குக் காரணம் என்பதை எப்படி ஏற்பார்கள்? 1865-இல் மனநோய் விடுதி ஒன்றில் அவர் இறந்தார்.

அந்தக் குருவின் மணி யாரையும் கொல்லவில்லை. ஆனால் மணியோடு வந்தவர், இத்தனை பேர் ஏன் சாகிறார்கள் என்று கேட்டதாக நான் படித்ததில்லை. நானும் கேட்கவில்லை.

இத்துறையில் நம் திருச்சபையும் தாமதித்துத்தான் கற்றுக்கொண்டது. துறவறச் சகோதரிகள் மகப்பேற்று மருத்துவம் செய்வதற்கு நெடுங்காலம் அனுமதி இல்லை. ஆஸ்திரிய நாட்டில் பிறந்த மருத்துவர் அன்னா டெங்கல் 1920-இல் இராவல்பிண்டிக்கு வந்து, ஆண் மருத்துவர் தங்களைத் தொட வழக்கம் இடந்தராததால் பெண்கள் மடிவதைக் கண்டார். 1925-இல் மருத்துவப் பணிக்கெனச் சகோதரிகளின் சபையொன்றைத் தொடங்கினார். 1936-இல்தான் உரோமை அத்தடையை நீக்கியது.

கேட்டு எழுதுவதால் என்ன பயன் என்று சிலர் நினைக்கலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1952 முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து, படிப்பினைகளை எல்லா மருத்துவமனைகளுக்கும் அறிவிக்கிறார்கள். கேரளத்து மகப்பேறு மருத்துவர்கள் 2004-இல் அத்தகைய ஆய்வைத் தாங்களே தொடங்கினார்கள். நம் மாநிலத்தில் கணக்கெடுப்போடு கைகோத்து வேறு பல பணிகளும் நடந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் இரவும் பகலும் செவிலியர் இருந்தார்கள். அவசர அறுவைக்கும் இரத்தம் ஏற்றுவதற்கும் வசதியுள்ள சீமாங் மையங்கள் வந்தன. 2008-இல் 108 அவசர ஊர்தி வந்தது. இலட்சம் பிறப்புகளுக்கு இத்தனை தாய்மார் என்று கணக்கிடுவது வழக்கம். 2001-2003 ஆண்டுகளில் அது இந்தியாவில் 301, தமிழ்நாட்டில் 134. 2018-2020 ஆண்டுகளில் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. 54-க்கும் 19-க்கும் இடையே இருந்த தொலைவு நாம் அப்போது நடக்க வேண்டியிருந்த தொலைவு. உலகம் முழுவதிலும் 2023-இல் ஏறக்குறைய 2,60,000 தாய்மார் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நாளொன்றுக்கு எழுநூறுக்கு மேல்.

இக்கணக்கில் வராதவர்களும் உண்டு. கருவுற்ற செய்தியே வெளியில் தெரியாமல் இறப்பவள். கரு கலைந்து உதிரம் போய் இறப்பவள். மணமாகாதவள் என்பதால் குடும்பத்தார் காரணத்தை மறைத்துவிடுபவள். இதனாலேயே, 15 முதல் 49 வயது வரையுள்ள எந்தப் பெண் இறந்தாலும், அவள் கருவுற்றிருந்தாளா, அண்மையில் பிரசவித்தாளா என்று கேட்க வேண்டும் என நம் நாட்டு விதிமுறை சொல்லுகிறது. 42 நாள் கடந்து ஓராண்டுக்குள் நிகழும் மரணங்களையும் தனியே கவனிக்க வேண்டும் என்று இப்போது வலியுறுத்துகிறார்கள். பிரிட்டனில் பிரசவித்த ஆறு வாரத்துக்கும் ஓராண்டுக்கும் இடையே தாய்மார் இறப்பதற்கு முதன்மைக் காரணம் தற்கொலை என்று கண்டிருக்கிறார்கள். பிள்ளை பெற்றவள் உறங்காமல், உண்ணாமல், பிள்ளையின் முகம் பாராமல் அழுதுகொண்டிருந்தால், பேய் பிடித்தது என்று மந்திரிக்கவும் வேண்டாம். கொழுப்பு என்று ஏசவும் வேண்டாம். அதுவும் மருத்துவம் தேவைப்படும் நோயே.

அன்பிற்குரிய குடும்பத்தாரே, பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் மூதாட்டிகள் சொன்னார்கள். அம்மறுபிறவி மருத்துவமனையில் பிள்ளை அழுத குரலோடு முடிந்துவிடுவதில்லை. பிரசவித்தவளுக்குக் காய்ச்சல் வந்தாலோ, உதிரம் மிகுதியாய்ப் போனாலோ, தீட்டு நாற்றமெடுத்தாலோ, கடுந்தலைவலி வந்து கண் மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, விடியட்டும் என்று காத்திராதீர்கள். மாமியார் வீட்டின் அனுமதிக்கும் காத்திராதீர்கள். மிகுந்த உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள்கூட உயிரைப் பறித்துவிடும். 108-ஐ அழையுங்கள். பிறகு சாமியாரை அழையுங்கள். அவர் மருத்துவமனைக்கே வந்து பூசுவார்.

குருக்களாகிய நாங்கள் செய்யக்கூடியதும் உண்டு. நான் பணியாற்றிய பங்குகளில் இரண்டு வழக்கங்களை ஏற்படுத்தினேன். அவஸ்தைக்கு அழைப்பு வந்தால் வண்டியோடுதான் போவது. நோயாளி செல்ல வேண்டுமானால் அதே வண்டியில் கொண்டுபோவது. இறந்தோர் பதிவேட்டில் இளம்பெண்ணின் பெயரை எழுதுமுன் கேள்வி கேட்பது, விடையை எழுதுவது, செவிலியருக்குத் தெரிவிப்பது. 2005-ஆம் ஆண்டு எழுதிய 'காய்ச்சல்' என்ற சொல்லை நான் அடிக்கவில்லை. பக்கத்து ஓரத்தில், 'பிரசவித்த 21-ஆம் நாள், பிரசவக் காய்ச்சல், காலத்தில் மருத்துவமனை சேர்க்கப்படவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அவ்வோரக் குறிப்பு யாருக்குப் பயன்படும் என்று அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அண்மையில் அப்பங்கின் திருவிழாவுக்குச் சென்றிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் என்னைத் தேடி அறைவீட்டுக்கு வந்தாள். யார் என்று பாட்டி சொல்லித்தான் தெரிந்தது. சிறிது நேரம் தயங்கி நின்றுவிட்டு, "சாமி, எங்கள் அம்மா எதனால் இறந்தார்கள்?" என்று கேட்டாள்.

"உனக்கு என்ன சொன்னார்கள், அம்மா?" என்றேன்.

"பிறக்கும்போதே தாயை முழுங்கினவள் என்று அப்பா ஊரில் சொல்லுவார்கள், சாமி" என்றாள்.

இருபது ஆண்டுகளாக அந்தப் பெண் அச்சொல்லைத் தலையில் சுமந்திருக்கிறாள். இப்போதைய பங்குத்தந்தையின் அனுமதியோடு பழைய ஏட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். பிறகு நடந்ததையெல்லாம் சொன்னேன். காய்ச்சலைச் சொன்னேன், பாட்டியின் அச்சத்தைச் சொன்னேன், தனியார் மருத்துவமனையைச் சொன்னேன். இறுதியில் என் ஜீப்பையும் சொன்னேன். "உன்னைப் பெற்றதால் அவள் சாகவில்லை. குணப்படுத்தக் கூடிய ஒரு நோயை நாங்கள் பெரியவர்கள் காலத்தில் கவனிக்கவில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு. என்னை மன்னித்துவிடு, அம்மா" என்றேன்.

அவள் ஏட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "அப்படியானால் என்னால் இல்லையா, சாமி?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை, அம்மா" என்றேன்.

திரும்பும் வழியில் பார்த்தேன். பாதையைத் தார்ச்சாலையாக அகலப்படுத்தியபோது புளியமரமும் சுமைதாங்கிக் கல்லும் போய்விட்டன. தலைச்சுமையோடு நடப்பவர்களும் இப்போது இல்லை. ஆனால் பேசப்படாத மரணங்களின் பாரத்தைச் சுமக்கிற குடும்பங்கள் நம் பங்குகளில் இன்னும் இருக்கின்றன. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றப் போகும்போது, உங்கள் குடும்பத்தில் பிள்ளைப்பேற்றில் மறைந்த தாய் ஒருத்தி இருந்தால், அவள் பெயரை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவளுக்கு நாம் வைக்கக்கூடிய சுமைதாங்கிக் கல் இனி அதுவே.